டேங்க் பெரிதா, சிறிதா? – பட்டறைப் பக்கம் கேள்வி பதில்

போன இதழில் பந்தய பைக்கின் எடையைக் குறைப்பது பற்றி எழுதும்போது, பெட்ரோல் டேங்க்கை மாற்றுவதைப் பற்றிக் கடைசியில் இரண்டே வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். வந்த கடிதங்களில் நிறைய அந்த இரண்டு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சரி, இந்த மாதம் முழுக்க டேங்க்.

அண்ணே, யமஹா ஆர்எக்ஸ்100 பைக் ஒன்றை செட்டிப்பாளையம் கரி பந்தய டிராக்கில் ஓட்டுவதற்காகத் தயார் செய்கிறேன். பழைய டேங்க்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபைபர் டேங்க் போடு, பாதி எடை குறையும் என்கிறார்கள். எத்தனை லிட்டர் டேங்க் போடலாம்?
– கோவை வாசகர்

தூக்கிப் போடாதீர்கள் தம்பி. முதலில் ஒரு பேப்பர் எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

கரி டிராக் ஒரு சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. பத்துச் சுற்றுப் பந்தயம் என்றால் இருபத்திரண்டு கிலோமீட்டர் என்று வையுங்கள். ரோட்டில் லிட்டருக்கு நாற்பதுக்கு மேல் கொடுத்த அதே வண்டி, போர்ட் வேலை (சிலிண்டர் துளைகளை அகலப்படுத்துவது) பார்த்து, கார்புரேட்டரில் பெரிய ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) போட்டு, திராட்டிலை முறுக்கிப் பிடித்தபடி ஓட்டும்போது பதினைந்து கொடுத்தாலே பெரிய விஷயம். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர் ஆயிற்று. தொடங்குவதற்கு முன்னால் ஒரு சுற்று, முடிந்து திரும்ப ஒரு சுற்று, அதோடு வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும்போது காக் (டேங்க் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வாய் காற்றைக் குடிக்காமல் இருக்க ஒரு லிட்டர் கையிருப்பு. நாலு லிட்டர் போதும், தாராளமாகவே.

பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ எடை. பத்து லிட்டர் நிரப்பி ஓட்டினால் தேவையில்லாத ஆறு லிட்டரை, அதாவது நாலரைக் கிலோவை, வண்டியின் உச்சந்தலையில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். ஆக, முதல் மாற்றத்துக்குச் செலவே கிடையாது: அளந்து ஊற்றுங்கள். இருநூற்றைம்பது குதிரைசக்திக்கு மேல் உள்ள மோட்டோஜிபி (உலக பைக் பந்தயம்) வண்டிகளுக்கே இப்போது முழுப் பந்தயத்துக்கு 22 லிட்டர்தான், சனிக்கிழமை நடக்கும் ஸ்பிரிண்ட் என்ற குட்டிப் பந்தயத்துக்கு 12 லிட்டர். 2027-ல் 850 சிசி வரும்போது அது 20, 11 என்று இன்னும் இறங்குகிறது. அவர்களே இப்படி அளந்து ஊற்றும்போது நாம் கேனோடு கவிழ்த்துவிட்டுப் போனால் எப்படி?

இப்போது 'பாதி எடை' கதைக்கு வருவோம். இந்த அளவு டேங்க்குக்கு ஏறக்குறைய 0.6 சதுர மீட்டர் தகடு பிடிக்கும். 0.8 மில்லி இரும்புத் தகடு என்றால் மூன்றே முக்கால் கிலோ. அலுமினியம் இரும்பில் மூன்றில் ஒரு பங்கு எடைதான் என்றாலும், 0.8 மில்லி அலுமினியத்தில் பந்தய டேங்க் செய்ய முடியாது, 1.6 வேண்டும். அதனால் இரண்டரைக் கிலோ சொச்சம் வந்துவிடும். மிச்சம் ஒரு கிலோவும் கொஞ்சமும். ஒன்றரை லிட்டர் பெட்ரோலைக் குறைத்து ஊற்றினாலே கிடைக்கிற லாபம் அது. ஃபைபரைக் கசியாத அளவுக்கு மூன்று மில்லி கனத்தில் போட்டால் அதுவும் பெரிதாக இளைக்காது.

அப்புறம் ஒன்று: நீங்கள் ஓடப்போகிற வகுப்பின் விதிப் புத்தகத்தை டேங்க்கில் கைவைப்பதற்கு முன்னால் படியுங்கள். கம்பெனி டேங்க்கே இருக்க வேண்டும் என்று சில வகுப்புகளில் இருக்கும். காசு செலவழித்து டேங்க் செய்து, பெயின்ட் அடித்து, சோதனை வரிசையில் நின்று, அங்கிருந்து திரும்பி வீட்டுக்குப் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ஃபைபர் டேங்க் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைத்தது. ஆறு மாதத்தில் உள்ளே பிசுபிசு என்று ஆகிவிட்டது, கார்புரேட்டர் ஜெட் அடிக்கடி அடைக்கிறது. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
– ஈரோடு வாசகர்

அவர் ஏமாற்றவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. நம் பெட்ரோல் பங்க்குகளில் வருவது இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ஃபைபர் டேங்க்குகளில் போட்டது சாதாரண பாலியெஸ்டர் ரெசின், அதாவது படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போடுவது. எத்தனால் அதை மெதுவாக இளக்கி, கரைத்து எடுத்துக்கொண்டு கார்புரேட்டருக்குப் போகும். ஜெட்டில், ஊசி உட்காரும் இடத்தில், டூ ஸ்ட்ரோக் என்றால் ரீட் வால்வில்கூட (கலவையை இன்ஜினுக்குள் விடும் மெல்லிய தகடு), பசை மாதிரி ஒட்டும். ஒரு ஜெட் பாதி அடைத்தால் கலவையில் பெட்ரோல் குறையும், பிஸ்டன் ஜாம் ஆகும். குறைந்த விலை டேங்க் கடைசியில் ஒரு செட் பிஸ்டனையும் சிலிண்டர் போரிங் செலவையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போகும்.

வினைல் எஸ்டர் ரெசினிலோ, எத்தனாலுக்கென்றே உள்ள எபாக்சியிலோ செய்தது என்றால் தாங்கும். ஆனால் விற்பவர் சொல்வதைத் தவிர அதைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி கிடையாது. உள்ளே லைனர் (சுவரில் படியும் பூச்சு) ஊற்றிக் காப்பாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். இளக ஆரம்பித்த சுவரில் லைனர் ஒட்டாது, ஏடு ஏடாகக் கழன்று வரும்.

என் யோசனை: அந்த டேங்க்கின் அடியை வெட்டி எடுத்துவிட்டு வெறும் மூடியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நாலைந்து லிட்டர் பிடிக்கும் சின்ன அலுமினிய டேங்க்கை வையுங்கள். பெரிய பந்தய வண்டிகளிலும் நாம் டேங்க் என்று பார்ப்பதில் பாதி வெறும் மூடிதான். அதன் கீழே ஏர்பாக்ஸ், அதாவது இன்ஜினுக்குக் காற்று போகும் பெட்டி இருக்கும். விழுந்தாலும் உடைவது மூடி, பெட்ரோல் உள்ளே பத்திரம். ஃபைபர் டேங்க்கில் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். இரும்பு நசுங்கும், ஃபைபர் பிளந்துகொள்ளும்.

டேங்க் அடியில் ஊசிமுனை அளவு ஓட்டை. பெட்ரோலை வடித்துவிட்டு வெயிலில் காயவைத்து வெல்டிங் வைக்கலாமா?
– மதுரை வாசகர்

வைக்கக் கூடாது. இந்த ஒரு பதிலை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

வருடங்களுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்த ஒரு பட்டறையில், இரண்டு நாள் வெயிலில் காய்ந்த டேங்க்குக்கு கேஸ் வெல்டிங் பிடித்தார்கள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்கள், வாசனையே இல்லை. நெருப்பு பட்ட ஐந்தாவது நொடியில் அடித்தகடு பிய்த்துக்கொண்டு கூரையில் போய் அடித்தது. வெல்டருக்குப் புருவம் போயிற்று, ஒரு காது பல வாரம் கேட்கவில்லை. தப்பித்தது அதிர்ஷ்டம்.

காரணம் இதுதான். காற்றில் பெட்ரோல் ஆவி 1.4-லிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்க்கில் ஆவிக்கு இடமில்லை, காலி டேங்க் முழுக்க ஆவிக்குத்தான் இடம். பத்து லிட்டர் டேங்க் அந்த 1.4-ஐத் தொட ஒரு மில்லி பெட்ரோல்கூட முழுதாக வேண்டாம். அந்த ஒரு மில்லி மடிப்பிலும் துருவுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் ஆவியாகி வெளியே வரும். மூக்கில் வாசனை இல்லை என்பது ஒரு சோதனையே இல்லை.

ஊசி ஓட்டைக்குச் சுத்தமாகச் சுரண்டிவிட்டு பெட்ரோல் தாங்கும் எபாக்சி வைத்துத் தற்காலிகமாக ஓட்டலாம், அதுவும் ரோட்டுக்குத்தான். வெல்டிங்தான் வேண்டும் என்றால் சோப்புக் கரைசலும் சுடுதண்ணீருமாகப் பல தடவை கழுவி, காக், மூடி இரண்டையும் கழற்றி வைத்து, வெல்ட் வைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் நிரப்பி, மிச்ச இடத்தில் ஆர்கான் (தீப்பிடிக்காத வாயு) ஓடவிட்டபடி வேலை செய்கிற ஆளிடம் கொடுங்கள். இதைச் சொன்னதும் சிரிக்கிற வெல்டரிடம் கொடுக்காதீர்கள். சைலன்சர் புகையைக் குழாய் வைத்து உள்ளே விட்டால் போதும் என்பார்கள் சிலர். அதில் மீதிக் காற்றும் சூடும் உண்டு, நம்ப வேண்டாம்.

அலுமினிய டேங்க்கை நானே செய்ய ஆசை. லேத், ஷீட் மெட்டல் வேலை தெரியும். எந்தத் தகடு, எப்படித் தொடங்குவது?
– சேலம் வாசகர்

இந்தக் கடிதம் சந்தோஷமாக இருந்தது. தொடங்க வேண்டியது அட்டையில். வண்டியில் நீங்கள் பந்தய உடையோடு, ஹெல்மெட்டோடு படுத்து உட்கார்ந்திருக்கும்போது நண்பர் ஒருவரை அட்டை வெட்டி வைக்கச் சொல்லுங்கள். டேங்க் என்பது பெட்ரோல் சட்டி மட்டும் கிடையாது. பிரேக் பிடிக்கும்போது உங்கள் உடம்பு முன்னால் பாயாமல் தாங்குவது முழங்காலுக்கு இடையில் இருக்கும் அந்த இடுக்குதான். அந்த இடுக்கு தொடைக்குப் பொருந்தவில்லை என்றால் முழு பாரமும் மணிக்கட்டில் இறங்கும், ஐந்தாவது சுற்றில் கை மரத்துப் போகும். மேல்பக்கம் தாடை படியும் அளவுக்குத் தாழ்வாக இருக்கட்டும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பும்போது லீவருக்கும் டேங்க்குக்கும் நடுவில் 30 மில்லி இடைவெளி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கட்டைவிரல் நசுங்கிய யாரைக் கேட்டாலும் அந்த விதிக்குக் காரணம் சொல்வார்கள்.

தகடு 3003 அல்லது 5052 என்ற அலுமினிய ரகம், 1.6 மில்லி. 6061 வாங்காதீர்கள், பலமான தகடுதான், ஆனால் வளைக்கும் இடத்தில் விரிசல் விடும். வளைவான பாகத்தைத் தட்டும்போது தகடு இறுகிக்கொண்டே போகும், இளக்க வேண்டும். அலுமினியம் சூடானால் நிறம் மாறிக் காட்டாது, நேராக உருகித் தொங்கிவிடும். அதற்குப் பழைய ஆட்கள் வைத்திருக்கும் வழி துணி சோப்பு: தகட்டில் சோப்பைக் கோடு கோடாகத் தேய்த்துவிட்டு, பின்பக்கமிருந்து சூடுபடுத்துங்கள், சோப்பு கருத்ததும் நெருப்பை எடுத்துவிடுங்கள். தகடு மறுபடி மெழுகு மாதிரி ஆகிவிடும்.

உள்ளே நடுவில் குறுக்காக ஒரு தடுப்புத் தகடு, மூலைகளில் பெட்ரோல் போய்வர வழிவிட்டு. அது இல்லாவிட்டால் பாதி டேங்க் பெட்ரோல் பிரேக் பிடிக்கும்போது முன்னாலும் முறுக்கும்போது பின்னாலும் அலையடிக்கும், உட்கார்ந்திருக்கிறவருக்கு யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல இருக்கும். காக் பொருத்தும் இடம் உண்மையிலேயே மிகத் தாழ்ந்த இடமா என்பதைப் பட்டறைத் தரையில் பார்க்காமல், வண்டியில் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

ஆர்கான் வெல்டிங் முடிந்து கசிவு சோதிக்கும்போது ஆர்வத்தில் கம்ப்ரசரை நேராகச் சொருகிவிடாதீர்கள். 2 பிஎஸ்ஐ காற்று, மேலே சோப்பு நுரை, அவ்வளவே. 30-க்கு 20 சென்டிமீட்டர் தட்டையான பக்கத்தை அந்த இரண்டு பிஎஸ்ஐயே எண்பது கிலோவுக்கு மேல் தள்ளும், டயருக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் டேங்க் பலூன்.

கடைசியாக, டேங்க்கை வண்டியின் ஃபிரேமில் போல்ட் போட்டு இறுக்கவே இறுக்காதீர்கள். ஒற்றைச் சிலிண்டர் அதிர்வில் போல்ட் காதுக்குப் பக்கத்தில் விரிசல் விடுவது நிச்சயம். முன்னால் இரண்டு ரப்பர், பின்னால் ஒரு ரப்பர், மேலே ஒரு பட்டை. அந்தக் காலத்து நார்ட்டன் மேன்க்ஸ் பந்தய பைக்கின் டேங்க் மேல் ஓடும் பட்டையை அழகுக்கு என்று நினைத்து காப்பியடிக்கிறார்கள், அது டேங்க்கை மிதக்கவிட்டுப் பிடிப்பதற்காக வைத்தது.

மூன்று சுற்று நன்றாக ஓடுகிறது, நேர்ப்பாதையில் திடீரென்று அணைகிற மாதிரி இழுக்கிறது. பிட்டில் (டிராக் ஓரத்தில் வண்டியைப் பார்க்கும் இடம்) வந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கார்புரேட்டரை நான்கு முறை கழற்றிவிட்டேன்.
– சென்னை வாசகர்

கார்புரேட்டரை விடுங்கள். அடுத்த தடவை இழுக்கும்போது நிறுத்தி டேங்க் மூடியைத் திறங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் வியாதி கிடைத்துவிட்டது. மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க்கே பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிட்டுக்கு வந்து சேர்வதற்குள் மெதுவாகக் காற்று ஏறிவிடும், அதனால்தான் 'எல்லாம் சரி'. என் முதல் சீசனில் பெட்ரோல் தெறிக்கிறது என்று மூடிமேல் டேப் ஒட்டியது நானேதான், இரண்டு பந்தயம் போயிற்று.

சரியான முறை: மூடியிலிருந்தோ டேங்க் மேலிருந்தோ ஒரு குழாய், அதில் ஒருவழி வால்வு, குழாயின் முனை ஒரு பிடிப்புச் சீசாவுக்குள். சர்வதேச விதியில் அந்தச் சீசா குறைந்தது 250 மில்லி. வால்வைத் திருப்பிப் போட்டுவிட்டால் மறுபடி அதே வியாதி, வாயால் ஊதிப் பார்த்து மாட்டுங்கள்.

ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். டேங்க்கில் ஒரு லிட்டர் மட்டும் வைத்து, மூடியைப் பூட்டி, கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி அளவுக் குவளைக்குள் ஒரு நிமிடம் விடுங்கள். வேலை பார்த்த 100 சிசி டூ ஸ்ட்ரோக் முழுத் திராட்டிலில் நிமிடத்துக்கு 120 மில்லி போலக் குடிக்கும். குவளையில் 250 வந்தால் நிம்மதி. அதற்குக் கீழே என்றால் காக் சல்லடை, பழைய ஃபில்டர், மடிந்த குழாய் என்று வரிசையாகப் பாருங்கள்.

சென்னை வெயிலுக்கு ஒரு வார்த்தை: இருபது டிகிரி சூடு ஏறினால் பத்து லிட்டர் பெட்ரோல் 200 மில்லி விரியும். காலையில் கழுத்துவரை ஊற்றி வெயிலில் நிறுத்தினால் சூடான சைலன்சர் மேல்தான் வழியும்.

பெட்ரோல் எடை மேலே இருப்பதுதானே பிரச்சினை? டேங்க்கை இன்ஜினுக்குக் கீழே கொண்டுபோனால் வளைவில் வண்டி ஒட்டிக்கொண்டு போகாதா?
– திருச்சி வாசகர், இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு

ஹோண்டாவுக்கே இந்த யோசனை வந்தது தம்பி. 1983-ல் மூன்று சிலிண்டர் என்எஸ்500-ல் ஃப்ரெடி ஸ்பென்சர் 500 சிசி உலகப் பட்டம் வாங்கினார். 1984-க்கு நான்கு சிலிண்டரோடு என்எஸ்ஆர்500 செய்தார்கள். பெட்ரோல் டேங்க் இன்ஜினுக்குக் கீழே, வயிற்றுப் பக்கம். சைலன்சர் குழாய்கள் நான்கும் மேலே, டேங்க் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு மூடிக்கு அடியில். பேப்பரில் அருமையான வண்டி.

ஓட்டிப் பார்த்தால் வேறு கதை. வண்டி இடம் வலமாகச் சாயும்போது சுழல்வது அதன் எடை மையத்தை ஒட்டித்தான். எடை அந்த மையத்துக்கு ரொம்ப மேலே இருந்தாலும் தொல்லை, ரொம்பக் கீழே இருந்தாலும் அதே தொல்லை, சாய மறுக்கும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்கும், முறுக்கும்போது பின் சக்கரத்துக்கும் போனால்தான் டயர் தரையைக் கடிக்கும். மையம் தாழ்ந்தால் அந்தப் பார மாற்றமும் குறைந்துவிடும். போதாததற்குப் பெட்ரோல் தீரத் தீர எடை மையம் மேலே ஏறி, தொடக்கத்தில் ஒரு வண்டி, முடிவில் வேறு வண்டி. மெக்கானிக்குகள் கார்புரேட்டரைத் தொட வேண்டுமென்றால் கொதிக்கிற குழாய்களுக்கு நடுவே கைவிட வேண்டும். ஸ்பென்சர் சில பந்தயங்களுக்குப் பழைய மூன்று சிலிண்டருக்கே திரும்பினார், அந்த வருடப் பட்டம் யமஹாவில் எடி லாசனுக்குப் போயிற்று. 1985-ல் ஹோண்டா டேங்க்கை மறுபடி மேலே வைத்தது. ஸ்பென்சர் 250, 500 இரண்டு பட்டத்தையும் ஒரே வருடத்தில் வாங்கினார்.

இப்போதைய மோட்டோஜிபி வண்டிகளில் பெட்ரோல் பெரும்பாலும் ஓட்டுபவரின் இருக்கைக்கு அடியில் போய்விட்டது, அதாவது மொத்த எடை மையத்துக்குப் பக்கத்தில். அங்கே வைத்தால் நிறைந்தாலும் காலியானாலும் வண்டியின் குணம் பெரிதாக மாறாது. ஆனால் அங்கிருந்து பெட்ரோலை மேலே ஏற்றப் பம்ப் வேண்டும். நம் கார்புரேட்டர் வண்டிகளுக்கு அந்தத் தலைவலி வேண்டாம். மேலேயே வையுங்கள், ஆனால் முடிந்தவரை பின்னால் தள்ளி, தாழ்வாக.

இன்ஜெக்‌ஷன் வண்டி டேங்க்கை வெட்டிச் சின்னதாக்கலாமா?
– வேலூர் வாசகர்

வேண்டாம். உள்ளே பம்ப் உட்காரும் கிண்ணமும் அதைச் சுற்றியுள்ள தடுப்பும் கணக்குப் போட்டு வைத்தவை. ஒரு வளைவில் பம்ப் அரை நொடி காற்றைக் குடித்தாலும் அழுத்தம் விழும், இன்ஜின் தடுமாறும், அதுவும் சாய்ந்திருக்கும்போது. அந்த டேங்க்கை அப்படியே வைத்து, உள்ளே ஃபோம் போட்டு, குறைவாக ஊற்றுங்கள்.

அந்த ஃபோம் உண்மையிலேயே தேவையா, வியாபாரமா?
– அதே வேலூர் வாசகர்

தேவை. பெட்ரோல் அலைவதையும், விழுந்தால் நெருப்பு உள்ளே பரவுவதையும் குறைக்கும், கொள்ளளவில் நாலைந்து சதவீதம்தான் எடுத்துக்கொள்ளும். மெத்தைக் கடை ஸ்பாஞ்ச் போடாதீர்கள், ஒரே வாரத்தில் கூழ். பெட்ரோலுக்கென்றே உள்ள, எத்தனால் தாங்கும் திறந்த கண் ஃபோம் வாங்குங்கள். அதுவும் சில வருடத்தில் பொடிய ஆரம்பிக்கும், சீசனுக்கு ஒரு முறை ஒரு துண்டை வெளியே எடுத்து நசுக்கிப் பாருங்கள், விரலில் தூள் ஒட்டினால் மாற்றுங்கள்.

ஐயா, என் மகன் மூன்று லிட்டர் டேங்க் ஒன்றைச் செய்து கல்லூரிக்குப் போகும் வண்டியில் மாட்டியிருக்கிறான். பந்தயத்துக்கு என்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
– செங்கல்பட்டு வாசகி

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது அம்மா. பதிவு செய்த வண்டியில் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது, உச்ச நீதிமன்றமும் 2019-ல் அதை உறுதி செய்தது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் பார்ப்பதும் அதைத்தான். பழைய டேங்க்கைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ஆனால் செய்த டேங்க்கைக் குப்பையில் போட வேண்டாம். அதன் படமும் வெல்டிங் வைத்த மடிப்புகளின் படமும் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நன்றாகச் செய்திருந்தால், இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்கில் பயிற்சி நாளில் ஓட்ட என்னென்ன வேண்டும் என்று அவனுக்கே எழுதுகிறேன்.